செல்வராசு அங்கிள் கட்டிய டேக்குகள் சரியாகத்தான் இருந்தன

செல்வராசு அங்கிள் இறந்துவிட்டார். இன்று மத்தியானம், கடற்கரைப் பக்கம் இருக்கும் காய்கறி சைட்டில், டூட்டி நடுவிலேயே நெஞ்சு வலி.

இது அம்மாவின் ஃபேஸ்புக் பக்கம்தான், ஆனால் எழுதுவது அம்மா இல்லை... அவருடைய மகள், பத்தாம் வகுப்பு. எல்லோரும் தூங்கிய பிறகு அம்மாவின் போனை எடுத்துப் போர்வைக்குள் வைத்து எழுதுகிறேன்.

அங்கிளைத் தெரியாதவர்களுக்கு: அரியலூர்க்காரர். ஓமானில் ஜபல் அக்தர் மலைமேல் ஒரு பழப் பண்ணையில் ஒன்பது வருடம் வேலை செய்தார். என் அப்பா அங்கே சூப்பர்வைசர்.

அந்தப் பண்ணையில் ஆப்ரிகாட் மரங்களைக் கலந்து புது ரகம் உண்டாக்கப் பார்க்கிறார்கள். மலையின் பழைய மரத்துப் பழம் அவ்வளவு இனிப்பு, ஆனால் இலையெல்லாம் ஓட்டை ஓட்டையாக விழும் ஒரு நோய் அதை விடுவதில்லை. வெளியிலிருந்து கொண்டுவந்த மரத்துக்கு அந்த நோய் வராது, பழத்தில்தான் ருசி இல்லை.

"ஆஸ்பத்திரி இட்லி பாப்பா அது. உடம்புக்கு நல்லது, வாய்க்கு வேணாம்" என்பார் அங்கிள்.

இரண்டின் நல்ல குணமும் ஒரே மரத்தில் வர வேண்டும். அதற்காகப் பழைய மரத்தின் மொட்டுகளைப் பிரித்து, மற்ற மரத்தின் மகரந்தத்தைத் தடவி, உறை போட்டு, நம்பர் எழுதிய டேக்கைக் கிளையில் கட்டுவது அவர் வேலை.

கட்டும்போது நூலை இரண்டு சுற்று சுற்றிப் பல்லால் இழுத்து இறுக்குவார். அவிழ்க்க வேண்டுமென்றால் கத்தரிக்கோல்தான்.

பழம் பறித்ததும் ருசி பார்க்கும் நாள் ஒன்று வரும். எல்லோரும் பத்துக்கு மார்க் போட வேண்டும், அங்கிள் எதற்கும் ஆறைத் தாண்டியதில்லை.

"என்னய்யா, ஒரு எட்டு போட்டா கை சுட்டுருமா?" என்று அப்பா கேட்பார்.

"பண்ருட்டி பலாவுக்கே ஏழுதான் சார் குடுப்பேன். இதுக்கு எட்டு போட்டுட்டு ஊர்ப்பக்கம் தலை காட்ட முடியுமா?"

போன வருடம் பூ சீசன். ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவோடு நானும் பண்ணைக்குப் போயிருந்தேன்.

உறைகளைக் கழற்றியிருந்தார்கள், கிளைகளில் இன்னும் பூ மிச்சம் இருந்தது. போட்டோ எடுக்க ஆசை... இரண்டு கிளைகளில் டேக் குறுக்கே தொங்கியது.

அங்கிளின் பெட்டியில் இருந்த கத்தரிக்கோலால் இரண்டு நூலையும் வெட்டினேன். போட்டோ எடுத்த பிறகு புது நூலால் கட்டினேன்... எது எந்தக் கிளையில் இருந்தது என்று பார்த்து வைக்கவில்லை.

ஒன்று அங்கிள் கலப்பு செய்த கிளை. மற்றது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே மரத்தில் தானாகக் காய்க்க விட்ட கிளை.

பழம் பறிக்கும்போது அங்கிள் என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, என் டேக்ல யாரோ ஷூ லேஸ் முடிச்சு போட்டிருக்காங்க. நீ ஏதும் தொட்டியா?"

அப்பா பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். "இல்ல அங்கிள்" என்றேன்.

"அப்ப சரி. கழண்டு விழுந்ததை ரபீக் பாய் கட்டியிருப்பான்." அங்கிளோடு வேலை செய்யும் ரபீக் பாய் அப்போது லீவில் ஊருக்குப் போயிருந்தார், அங்கிள் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை.

நான் சொன்னதை நம்பி, டேக்கில் இருந்தபடியே கொட்டைகளை இரண்டு டப்பாவில் போட்டார்.

இந்த வருடம் கன்றுகள் முளைத்து, சோதனைக்காக அந்த நோய்க் கிருமியைத் தெளித்துப் பார்த்தார்கள். கலப்பு என்று எழுதிய தட்டில் எல்லா இலையிலும் ஓட்டை, சாதாரணம் என்று எழுதிய தட்டு பச்சைப் பசேல் என்று நின்றது.

"எழுதினது யார் கை, செல்வராசு?" என்று அப்பா கேட்டார்.

"என் கைதான் சார்."

"ரெண்டு வருஷ வேலை. நான் மேல என்ன பதில் சொல்றது?"

"தப்பு என்மேலதான் சார்... எப்படின்னுதான் புரியல."

நான் காருக்குள் இருந்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

எந்த டேக்கையும் நம்ப முடியாது என்று இரண்டு தட்டுக் கன்றுகளையும் எரித்தார்கள். அடுத்த வாரமே அங்கிளை மலையிலிருந்து கீழே, அந்தக் காய்கறி சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

"கீழ வெக்கைதான். மீனாவது நல்லதா கிடைக்கும்" என்று சிரித்துக்கொண்டே வேனில் ஏறினார்.

இன்று சாயங்காலம் அவர் மனைவி அம்மாவிடம் போனில் பேசினார். ஸ்பீக்கரில் கேட்டது.

"தினமும் போன்ல அதையேதான்கா சொல்லுவாரு. எப்படி மாறுச்சு, எப்படி மாறுச்சுன்னு... நேத்துகூட கேட்டாரு. எனக்கு என்ன தெரியும், சொல்லுங்க."

சாப்பிடும்போது அப்பா சொன்னார். "நல்ல மனுஷன். அந்த டேக் விஷயத்துல மட்டும் கவனமா இருந்திருந்தா இங்கயே இருந்திருப்பான்."

"போனவரைப் பத்தி இப்ப எதுக்குங்க அது?" என்றார் அம்மா.

ஆன்ட்டி, நீங்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். டேக்கை மாற்றியது நான், கேட்டபோது பொய் சொன்னதும் நான்.

அங்கிள் கீழே போன பிறகு நான்கு மாதம் இருந்தது. ஒரு தடவை போன் செய்து சொல்லியிருக்கலாம்... நம்பர் இதே போனில்தான் இருக்கிறது.

அப்பா, பண்ணைக்காரர்கள் எல்லோரும் இதைப் படிப்பார்கள். உங்கள் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை, பயமாக இருக்கிறது, மூன்று தடவை எழுதி அழித்துவிட்டேன்.

ஹாலில் லைட் எரிகிறது. யாரோ எழுந்துவிட்டார்கள்.

கமெண்டில் அங்கிளைக் கவனம் இல்லாதவர் என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள்.

போய் வாருங்கள், அங்கிள்.