மல்சுன்னின் கட்சி

தென்கொரியாவின் டேகு நகரச் சந்தையில் மல்சுன்னின் நூடுல்ஸ் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு விஷயங்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஒன்று சூப்பில் உப்பு, இன்னொன்று ஜனாதிபதி. உப்பைக் குறை சொன்னவனையாவது மன்னித்துவிடுவாள்.

அவள் புருஷன் ஆயுசு முழுக்க அந்த ஜனாதிபதியின் கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டியவன். அவன் போன பிறகு கடையும் கட்சியும் அவள் தலையில் விழுந்தன. முன்பு எதிர்க்கட்சி ஜனாதிபதி மேல் புகார் வந்தபோது சாட்சிகூடக் கேட்காமல் "திருட்டுப் பய" என்றவள், தன் கட்சி ஜனாதிபதியம்மா ஒரு தோழியோடு சேர்ந்து கம்பெனிகளிடம் காசு பறித்தாள் என்று டிவி சொன்னதும், டிவிதான் பொய் என்றாள்.

தலைநகர் சியோலில் வேலை பார்க்கும் ஒரே மகன் இன்ஹோ, சனிக்கிழமைதோறும் ஜனாதிபதிக்கு எதிரான ஊர்வலத்தில் மெழுகுவர்த்தி ஏந்தி "பதவியை விட்டு இறங்கு" என்று கத்திக்கொண்டிருந்தான். அம்மாவும் மகனும் போனில் முட்டிக்கொண்டார்கள்.

"அப்பா அம்மாவப் பறிகொடுத்த பொண்ணுடா அது. நாதியில்லாம நிக்குது."

"எனக்குந்தான் அப்பா இல்ல. அதுக்காக நான் திருடலாமாம்மா?"

"இப்படிப் பேசுறவன் அப்பனுக்குத் திதி குடுக்க வரவே வேணாம், போ!"

தனியாக இருக்கையில் அவளுக்கும் சந்தேகம் தட்டாமல் இல்லை. ஆனால் தப்பு என்று ஒப்புக்கொண்டால், புருஷன் மழையில் நனைந்து ஒட்டிய சுவரொட்டிகளெல்லாம் என்னாவது?

ஜனாதிபதியைப் பதவி நீக்குவதா என்ற நீதிமன்றத் தீர்ப்பும் புருஷன் திதியும் ஒரே நாளில் வந்து தொலைத்தன. ஊர் வழக்கப்படி படையலுக்கு மதுவை ஊற்றி வணங்க மகன் வரப்போவதில்லை, பிறகு யாருக்குப் படையல்? கோபத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு, கட்சிக்காரர்களோடு பஸ் ஏறிச் சியோலுக்குப் போய்விட்டாள். ஜனாதிபதியின் பதவி பறிபோன செய்தி கேட்டதும் கையில் கொடியோடு நடுரோட்டில் உட்கார்ந்து அழுதாள்.

இருட்டிய பிறகு வீடு திரும்பினால், பக்கத்து வீட்டு ஓக்ஜா வாசலில் நின்றாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? மத்தியானமே உன் பையன் வந்துட்டான். பேரிக்கா, மீனு, எல்லாம் வாங்கிட்டு வந்து படியிலயே உக்காந்திருந்தான்."

"இன்ஹோவா? போன் பண்ணியிருக்கலாமே!"

"எத்தன தடவ பண்ணினான்! அந்தக் கூச்சல்ல உனக்கு எங்க கேக்கும்? செத்தவரு உள்ள வரணும்னு ஊரே கதவத் தெறந்து வைக்கும். நீ பூட்டிட்டுப் போயிருக்க. பூட்டுக்கு முன்னாடியே விழுந்து கும்பிட்டுட்டு ரயிலுக்குப் போயிட்டான்."

மல்சுன் மகனுக்குப் போன் போட்டாள். "சாப்பிட்டியாடா" என்று கேட்கத்தான் நினைத்தாள், சத்தியமாக. அவன் எடுத்ததும், ரயிலில் யாரோ கைதட்டிச் சிரிக்கும் சத்தம் காதில் விழுந்தது.

"ஜெயிச்சிட்டீங்கல்ல? இப்ப மனசு குளுந்துதா?" என்றுவிட்டாள்.



"நான் அப்பாவக் கும்பிட வந்தேம்மா," என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

அதன் பிறகு இன்ஹோ டேகு பக்கமே வரவில்லை, போனும் எடுப்பதில்லை. அடுத்த தேர்தலிலும் மல்சுன் அதே கட்சிக்குத்தான் முத்திரை குத்தினாள். குத்திவிட்டு வெளியே வந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஜனாதிபதியை நினைத்து அழுகிறாள் என்று வரிசையில் நின்றவர்கள் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள்.