கப்டனுக்கு ஊற்றிய ஜின்

நான் குடியேறிய இந்த வெள்ளைக்கார ஊரில், வீட்டுக்குப் பக்கத்து இடுகாட்டில்தான் அவரைக் கண்டேன். கானா நாட்டுக்காரர், நரைத்த தாடி, பஸ் சாரதியின் சீருடை. விக்டோரியா காலத்துக் கப்பல் கப்டன் ஒருவரின் கல்லறையில் கொஞ்சம் ஜின் ஊற்றிவிட்டு, உரத்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கட நாட்டுக்குப் பாமாயில் வாங்க வந்து, எங்கட கொப்பாட்டியைத் தன்ர பிள்ளையோட கரையில விட்டிட்டு ஓடினவர்," என்றார். அவருடைய ஆங்கிலம் என் காதில் நம்மூர்ப் பேச்சாகத்தான் விழுந்தது.

"அப்ப ஜின் எதுக்கு, அண்ணை?"

"முன்னோருக்கு ஊத்தாமல் எங்கட ஆக்களால ஒண்டும் கேட்க ஏலாது. நாளைக்கு என்ர மகளுக்குக் கப்பல் கப்டன் சோதினை. பாஸ் பண்ண வைச்சால் மன்னிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன்."

நாம் முருகனோடு போடும் சண்டை மாதிரியே இருந்தது.

பிறகு அவரைக் காணவில்லை. ஆனால் மறுநாள் காலை நானும் அந்தக் கல்லறைக்குப் போய், "கப்டன், இந்த முறையாவது பிள்ளையைக் கைவிட்டிடாதேங்கோ," என்று சொல்லிவிட்டு வந்தேன்.