வடக்கு ரோட்டில் ஒரு லொறி உருளைக்கிழங்கு

லொறி ஓட்டுவதில் எனக்கு அப்போதும் தலைக்கனம் உண்டு, இப்போதும் உண்டு. நுவரெலியா மலையிலிருந்து மட்டக்களப்புச் சந்தைக்கு ஏழு வருடம் மரக்கறி ஏற்றி வந்தவன் நான். எண்பதுகளில் அகதியாகக் கனடாவின் மொன்றியலுக்கு வந்தபோது அந்தப் பெருமையைக் கேட்க ஆளில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்துக் கிட்டங்கியில் மூட்டை தூக்கினேன். லொறி லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாகியும் மூட்டைதான்.

ஒரு தை மாதம், வடக்குக்குப் போகும் சாரதி வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். பொறுப்பாளர் வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார். எட்டு மணித்தியால ஓட்டத்தில் ஒரு சுரங்க ஊர், அங்கே உருளைக்கிழங்கு இறக்க வேண்டும். கிழங்கு உறையாமல் போய்ச் சேர்ந்தால் அந்த ஓட்டம் எனக்கு. உறைந்தால் திரும்பவும் மூட்டை. லொறிப் பெட்டிக்குச் சூடு எஞ்சினிலிருந்துதான் போனது. இந்தக் குளிரில் நிறுத்தினால் டீசலும் கட்டிபட்டுவிடும், சாப்பிட இறங்கினாலும் எஞ்சினை நிறுத்தாதே என்று மூன்று தரம் சொன்னார்.

மொன்றியலின் வில்லரேப் பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணை சும்மா இருப்பாரா?

"மட்டக்களப்பார் வாவியில தோணி விடுவினம். பனியில லொறி விடுவினமோ?"

"வந்து கதைக்கிறன் அண்ணன்" என்றேன்.

ஊர்கள் முடிந்தபின் அந்த ரோட்டில் வீடுமில்லை, கடையுமில்லை. காடு, உறைந்த ஏரி, திரும்பவும் காடு. எப்போதாவது எதிரே வருகிற சாரதி கையை அசைப்பார். யாரோ தெரிந்தவர் என்று முதலில் நினைத்தேன். அங்கே எல்லாரும் எல்லாருக்கும் அசைக்கிறார்கள். இவ்வளவு பெரிய ரோட்டு முழுக்க எனக்கே என்று பாட்டுப் பாடிக்கொண்டு போனேன்.

மத்தியானம், ஒரு வளைவில் பொலிஸ் வாகனம் குறுக்கே நின்றது. சீருடைக்காரர் கையை உயர்த்தினார். இடுப்பில் துவக்கு. அதற்குப் பிறகு நான் எதையும் யோசித்துச் செய்யவில்லை. ஊர்ச் சோதனைச் சாவடிகளில் பழகிய கை எஞ்சினை நிறுத்தியது. கால் தானாக இறங்கியது. அகதிப் பத்திரத்தைப் பிடித்தபடி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பனியில் நடந்தேன்.

அந்த மனிதர் திகைத்துப்போய், என் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டுத் தன் வாகனத்துக்குள் ஏற்றினார். கைது என்று நினைத்து, பத்திரத்தை நீட்டிப் பிடித்தபடியே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தேன். வளைவுக்கு அப்பால் அடிபட்டுக் கிடந்த பெரிய காட்டுமான் ஒன்றை இழுத்து அகற்றும் வரைக்கும்தான் ரோட்டை மறித்திருக்கிறார். நான் விறைத்துப்போகக் கூடாதென்றுதான் ஏற்றியிருக்கிறார். மானை இழுத்துப் போனதைக் கண்ட பிறகுதான் அதெல்லாம் விளங்கியது. வெட்கமாகப் போய்விட்டது.

லொறிக்கு ஓடிப்போய்த் திறப்பைத் திருகினேன். எஞ்சின் முனகிவிட்டு அடங்கியது.

நுவரெலியாக் குளிரில் பழைய லொறிகளுக்கு நாங்கள் செய்கிற வேலை ஒன்றிருந்தது. பையிலிருந்த என் சாரத்தைக் கிழித்து, தடியில் சுற்றி, டீசலில் தோய்த்துப் பந்தம் கொளுத்தினேன். டீசல் குழாயை இளஞ்சூடாக்கினேன். பிறகு சூட்டுக் காற்று உள்ளே போகட்டும் என்று எஞ்சின் காற்றிழுக்கும் வாயில் பந்தத்தைப் பிடித்தேன். திறப்பைத் திருக ஆள் வேண்டும். பொலிஸ்காரருக்குச் சாரதி இருக்கையைக் காட்டினேன். ஏறினார்.

"ஸ்ராட் பண்ணு! விடாத, விடாத!"

தமிழில்தான் கத்தினேன். துவக்கு வைத்திருந்த சீருடைக்காரர் நான் சொன்னபடி செய்தார். மூன்றாந்தரம் கரும்புகை கக்கிக்கொண்டு எஞ்சின் எழும்பியது. இரண்டு பேரும் சேர்ந்து கத்தினோம்.

சுரங்க ஊர்க் கடைக்காரி ஒரு மூட்டையை அவிழ்த்து, கிழங்கொன்றைக் கத்தியால் பிளந்தார். உள்ளே வெள்ளையாக, உறைந்து நீர்விடாமல் இருந்தது. தலையாட்டினார். அந்த ஓட்டம் என்னுடையதாயிற்று.

"பொலிஸ்காரனையே வேலை வாங்கிப்போட்டியோடா!" என்று அறையிலிருந்த அண்ணை வாயைப் பிளந்தார்.

அந்த ரோட்டில் பிறகும் எத்தனையோ தரம் மறித்தார்கள். நான் இறங்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கண்ணாடியை மட்டும் இறக்கி, "போன்ஜூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னேன்.