அரிசி மில்லுக்கு ஒரு பாட்டுப் பெட்டி

மைக் செட்டும் ரேடியோ ரிப்பேரும் பிழைப்பாக வைத்திருப்பவனுக்கு ஊரில் ஒரு தனி மரியாதை உண்டு: பாட்டு நன்றாக இருந்தால் பாடியவருக்குப் பாராட்டு, கரகரத்தால் நமக்குத் திட்டு. இந்தத் தொழிலில் என்னோடு சேர்ந்து மாரடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டால் போதும்.

மாயவரத்திலிருந்து திருக்கடையூர் போகிற சாலையில் நான் கடை வைத்திருந்தேன். கடைத்தெருவில் ஆளுங்கட்சி இரண்டாகப் பிரிந்து இரண்டு கொடிக்கம்பம் நின்ற நேரம் அது. வயல் பக்கம் போனால் செங்கொடி, கூலித் தகராறு, நில வழக்கு. இத்தனைக்கும் நடுவில், வேலை செய்கிற இடத்தில் பின்னால் ஒரு பாட்டு ஓடினால் நன்றாயிருக்குமே என்று சிலருக்கு ஆசை வந்தது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: சத்தம் நிறைய வேண்டும், விலை கொஞ்சமாக வேண்டும்.

பாதி சவரம்

முதலில் வந்தவர் சலூன் கோவிந்தராஜ். அவர் கடையில் காலையில் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார்கள். படித்து முடிப்பதற்குள் இரண்டு கட்சிக்காரர்களும் எழுந்து நின்றுவிடுவார்கள். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நிற்கிறவர் பாவம் கோவிந்தராஜ். பாட்டு ஓடினால் பேச்சு குறையும் என்று அவருக்கு ஒரு யோசனை. பழைய ரேடியோ ஒன்றைச் சரிசெய்து, சின்னப் பெட்டி ஸ்பீக்கர் ஒன்றைச் சுவரில் மாட்டிக் கொடுத்தேன்.

ஆனால் அப்போது சினிமாப் பாட்டுக்கும் கட்சி இருந்ததை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம். முதல் நாளே ஒரு பாட்டு ஆரம்பித்ததும், ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவர் துண்டை உதறிவிட்டு எழுந்தார். "இந்தப் பாட்டு ஓடற கடையில எனக்குச் சவரம் வேணாம்" என்று அப்படியே தெருவில் இறங்கி நடந்துவிட்டார். கோவிந்தராஜ் கத்தியோடு என் கடைக்கு ஓடி வந்தார். எனக்கு ஒரு நிமிடம் உயிரே போய்விட்டது. அவர் கேட்டதோ இவ்வளவுதான்: "அண்ணே, வாயில்லாத பாட்டா ஒண்ணு போட்டுக் குடுங்க. நாதஸ்வரம், வீணை, எதுவானாலும் சரி. வாயிருக்கறதுனாலதானே இவ்ளோ வம்பும்!"

குடைக்காரர்

ரேடியோவை எடுத்துவிட்டு ரிக்கார்டு பிளேயரில் வாயில்லாத பாட்டைப் போட்ட பிறகு சலூனில் சண்டை அடங்கியது. அதை அங்கே முடிவெட்டிக்கொள்ள வந்த வைத்தியலிங்கம் கவனித்துக்கொண்டிருந்தார். அவர் அரிசி மில் முதலாளி. நிலமாக வைத்திருந்தால் வழக்கு, உச்சவரம்பு, குத்தகைத் தகராறு என்று அலுத்துப்போய், இருந்ததை விற்று மில் வாங்கியவர். மறுநாள் கடைக்கு வந்து, "நம்ம களத்துல பொம்பளைங்க வெயில்ல நெல்லு காய வைக்கிறாங்க தம்பி. அலுப்புத் தெரியாம இருக்க ஒரு பாட்டு செட்டு வேணும். வெல மட்டும் கட்டுபடியாகணும்" என்றார். இப்படியும் ஒரு முதலாளியா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

இடத்தைப் பார்க்கப் போனேன். அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, பெண்கள் வரிசையாக நடந்து காலால் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னால் போனவள் லோகாம்பாள். அவள் ஒரு அடி பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடினார்கள். களத்தின் ஓரத்தில் குடை பிடித்து நின்றிருந்த வைத்தியலிங்கத்தைப் பார்க்காதது மாதிரியே பார்த்துக்கொண்டு அவர்கள் பாடியது இதுதான்:

குடை புடிச்சு நிக்கிறாரு மொதலாளி – எங்க
கொழந்தைக்கு நெழல் கொடுத்தா கொறஞ்சா போவாரு?

குழந்தைகள் எங்கே என்று தேடினேன். வேலிக்குப் பக்கத்தில், நெல் அவிக்கிற அடுப்புகளுக்கு அந்தப் பக்கம், ஒற்றைப் பூவரச மரத்தில் வரிசையாகத் தூளி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். களத்தை ஒட்டி மில்லின் தாழ்வாரம் நீளமாகக் குளிர்ந்து கிடந்தது. அதில் நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. தூளிகளைத் தாழ்வாரத்தில் கட்டிக்கொள்கிறோம் என்று பெண்கள் செங்கொடிச் சங்கத்தின் மூலமாகக் கேட்டிருக்கிறார்கள். இவர் முடியாது என்றிருக்கிறார். அன்றிலிருந்து இந்தப் பாட்டு. அலுப்புத் தெரியாமல் இருக்க வேண்டியது யாருக்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மெல்ல, "தாழ்வாரத்தைக் குடுத்துட்டா செலவே இல்லாம பாட்டு நின்னுடுமேங்க" என்று சொல்லிப் பார்த்தேன். மனிதர் கெட்டவர் இல்லை, முகம் வாடிப்போனது. "குடுக்கறது பெருசில்ல தம்பி. கொடி புடிச்சுக் கேட்டாங்க, பயந்து குடுத்தான்னு ஊர் பேசும். அதுக்கு உன் செட்டே தேவல."

யாருக்கு அறுபது?

விலை குறைவாக என்னிடம் இருந்தது பழைய குழாய் ஸ்பீக்கர் ஒன்று. மில் கூரையில் ஏற்றிக் கட்டினேன். சலூனில் கற்ற பாடத்தை மறக்காமல் நாதஸ்வர ரிக்கார்டாகவே கொடுத்தேன். மில் கணக்குப்பிள்ளை ரிக்கார்டை மாற்றி மாற்றிப் போட்டார். பெண்கள் பாட்டு காணாமல் போனது. வைத்தியலிங்கத்துக்கு வாயெல்லாம் பல்.

நம் பக்கத்தில் குழாய் கட்டினால் இரண்டே அர்த்தம்தான்: ஒன்று விசேஷம், இல்லையென்றால் மீட்டிங். தொழில்காரனான நானே இதை மறந்தேன் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது! முதலில் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து, எந்தக் கட்சி மீட்டிங், அனுமதி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார். அடுத்து ஒரு கார் நின்றது. திருக்கடையூரில் சொந்தக்காரருக்கு அறுபதாம் கல்யாணம் என்று கிளம்பி வந்த குடும்பம். சாலையோரம் நாதஸ்வரம் கேட்கிறது, பெரிய பெரிய அண்டாவில் ஆவி பறக்கிறது, வெள்ளை வேட்டியில் ஒருவர் குடை பிடித்து வாசலில் நிற்கிறார். வேறென்ன நினைப்பார்கள்? பழத்தட்டு, வெற்றிலைப் பாக்கோடு இறங்கி நேராக உள்ளே வந்துவிட்டார்கள்.

களத்தில் ஒருத்திக்கும் கால் நகரவில்லை. லோகாம்பாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். வைத்தியலிங்கம் நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அது தெரியாமல் அந்த வீட்டு அம்மாள் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவரைச் சந்தோஷப்படுத்துகிற எண்ணத்தில் சொன்னார்: "அறுபதுன்னு சொல்லவே முடியாதுங்க. பாத்தா அம்பத்தஞ்சுதான் சொல்லலாம்!"

பெட்டி வந்தது

அன்று சாயங்காலமே குழாய் இறங்கியது. பதிலுக்கு இரண்டு பெட்டி ஸ்பீக்கர் மாட்டினேன். ஒன்று தாழ்வாரத்தில், களத்தைப் பார்த்து. இன்னொன்று அவர் அறைச் சுவரில், ஏனென்றால் பெண்கள் பாடுகிற அந்தப் பாட்டு அவர் காதில் மட்டும் விழவே கூடாது. நாதஸ்வரமே வேண்டாம் என்று சினிமாப் பாட்டுக்கு மாறினார். சத்தத்தைக் கூட்டுகிற குமிழைத் திருப்பியது மட்டும் கடைசி வரை. மெதுவாக வையுங்கள் என்று சொன்னதற்கு, "காசு குடுத்து வாங்கினது முழுசாத்தானே பாடணும்?" என்று கேட்டார். இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு நாள் பகலில் நான் ஏணியில் நின்று ஒயர் கட்டிக்கொண்டிருந்தேன். களத்தில் நெல் நிறையக் கிடந்தது, கிழக்கே மேகம் கட்டியிருந்தது, எல்லோருக்கும் அவசரம். அந்த நேரத்தில் செல்வி என்கிற இளம்பெண்ணின் குழந்தை தூளியிலிருந்து சரிந்து கீழே விழுந்திருக்கிறது. அழுதிருக்கிறது. பாட்டுச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. தவழ்ந்து தவழ்ந்து, நெல் அவிக்கிற அடுப்புக்குக் கிட்டே போய்விட்டது. மூட்டை தூக்குகிற ஆறுமுகம் தண்ணீர் குடிக்கப் போனவர், பார்த்துவிட்டுப் பாய்ந்து தூக்கினார். குழந்தையின் உள்ளங்கை சூட்டில் சிவந்திருந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை. கரகரப்பைக் கண்டுபிடித்தே சோறு தின்கிற காது என்னுடையது. எனக்குமே அந்த அழுகை கேட்கவில்லை.

பெண்கள் களத்தை விட்டு இறங்கி மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். வைத்தியலிங்கம் ஓடி வந்து குழந்தையின் கையைப் பார்த்தார். பிறகு மேகத்தைப் பார்த்தார். கிடக்கிற நெல் நனைந்தால் மொத்தமும் பாழ். லோகாம்பாள் எழுந்து நின்றாள். "எங்க பாட்டு உங்களுக்குக் கேக்க வேணாம், சரி. எங்க புள்ளைங்க அழுவறது எங்களுக்குக் கேக்கணுமா வேணாமா, சொல்லுங்க மொதலாளி."

மைக்

இந்த இடத்தில் எவனாக இருந்தாலும் தாழ்வாரத்தைக் கொடுத்திருப்பான். வைத்தியலிங்கம் கொடுக்கவில்லை. பிடித்த பிடியை விடாமலேயே வழி கண்டுபிடிக்கிற மூளை அவருக்கு. "அழுவறது கேக்கணும், அவ்ளோதானே? தம்பி, உன் செட்டுல மைக் மாட்டலாம்ல? கொண்டு போய் மரத்துல மாட்டு. எந்தப் புள்ள சிணுங்கினாலும் களம் பூரா கேக்கட்டும்." சொல்லிவிட்டுப் பெரிய நீதி வழங்கியவர் போலச் சுற்றிலும் பார்த்தார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நெல்லை நனைய விட அவர்களுக்கும் மனசு இல்லை. சரி என்று எழுந்தார்கள். நான் ஒயரை இழுத்துக்கொண்டு போய்ப் பூவரசங்கிளையில் மைக்கைக் கட்டினேன்.

வேலை மறுபடி ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு குழந்தை வீறிட்டது. களத்தில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. ஓடியவள் செல்வி மட்டும். நூறு குழந்தை அழுதாலும் தன்னுடையது எது என்று தாய்க்குத் தெரிகிறதே, அதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். கணக்குப்பிள்ளை பாட்டை நிறுத்தினார். செல்விக்கு மைக் ஞாபகமே இல்லை. குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அதனோடு பேச ஆரம்பித்தாள். அவள் பேசியது களத்திலும், முதலாளியின் அறையிலும், சாலையில் போன வண்டிக்காரர் வரையிலும் கேட்டது. "அழாதடா ராசா. எறும்பு கடிச்சிடுச்சா? தாழ்வாரத்துல நெல்லு மூட்டை தூங்குது பாரு, அதை எறும்பு கடிக்கறதில்ல. நீ எம் வயித்துல பொறந்ததுக்கு மூட்டையாப் பொறந்திருந்தா நெழல்ல தூங்கியிருப்ப. கண்ணை மூடுடா சாமி."

பிறகு மெல்ல ஆராரோ பாடினாள். மூட்டை சுமந்து வந்த ஆறுமுகம் பாதி வழியில் சுமையோடு நின்றுவிட்டார். நான் ஆம்ப்ளிஃபயரை அணைத்திருக்கலாம். கை போகவில்லை. அறைக்குள்ளிருந்து வைத்தியலிங்கம் வெளியே வந்தார். குடையை எடுத்துக்கொள்ள மறந்திருந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் கணக்குப்பிள்ளையிடம் சொன்னார்: "தாழ்வாரத்து மூட்டையெல்லாம் உள்ள அடுக்கச் சொல்லுங்க. தூளியெல்லாம் இங்க வந்துடட்டும். மழ வருதுல்ல, அதுக்காகத்தான். சங்கம் கேட்டுச்சுன்னு எவனாவது சொன்னா தெரியும் சேதி."

குமிழ்

அந்த மழை இரண்டு தூறலோடு போய்விட்டது. தூளிகள் மட்டும் தாழ்வாரத்தை விட்டுப் போகவே இல்லை. மைக்கை நான் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். குழந்தைகள் தூங்குகிற இடத்துக்கு மேலேயே பெட்டி இருந்ததால் பாட்டுச் சத்தம் தானாகக் குறைந்தது. வைத்தியலிங்கம்கூடச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வழியாக நடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள், பெட்டி சரியில்லை, உடனே வா என்று ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மெல்லிசாக ஒரு சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. களத்தில் லோகாம்பாள் குரல் எழும்பியது. மற்றவர்கள் திருப்பிப் பாடினார்கள். புது அடி போலிருந்தது. "மொதலாளி" என்ற சொல் மட்டும் பிடிபட்டது. "எதுங்க சரியில்ல?" என்று கேட்டேன். வைத்தியலிங்கம் கதவோரமாக வந்து நின்று, கழுத்தைக் களத்துப் பக்கம் நீட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "இத இன்னும் கொஞ்சம் கொறச்சு வையேன் தம்பி. என்னையப் பத்தி என்ன பாடறாங்கன்னு சரியா வெளங்க மாட்டேங்குது."

ஆகவே தொழில் செய்கிற இடத்துக்குக் கட்டுபடியாகிற பாட்டு செட்டு எது என்று இப்போது யார் கேட்டாலும், சத்தத்தைக் குறைக்கிற பக்கம் குமிழ் சுலபமாகத் திரும்புகிற எதையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.