குப்பைக்கு எத்தனை லாரி

“உன் இங்கிலீஷை வெச்சுக்கிட்டு கிளையன்ட்கிட்ட போய் என்னம்மா கேப்ப? உள்ள உக்காந்து ப்ரோகிராம் எழுது, போதும்.”

டெக்சாஸில் பிளானோ என்ற ஊருக்கு வந்த முதல் வாரத்தில் ரவி என்னிடம் சொன்னது இது. ரவி எங்கள் ப்ராஜெக்ட் லீட், சென்னைக்காரர். நான் சார் என்று கூப்பிட்டபோது, “இங்க சார் மோர் எல்லாம் கிடையாது, ரவின்னே கூப்பிடு” என்றவரும் அவர்தான். கெட்ட மனிதர் இல்லை. என்னை அவமானத்திலிருந்து காப்பாற்றுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் அருப்புக்கோட்டைப் பக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். தமிழ் மீடியத்தில் படித்து, இன்ஜினியரிங் முடித்து, 1998இல் ஒரு கன்சல்டிங் கம்பெனி வழியாக டெக்சாஸ் வந்தேன். இதைப் பெருமையாகவே சொல்வேன். முதல் ப்ராஜெக்டுக்கு வரும் பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கிளையன்ட், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கான சர்க்யூட் போர்டு செய்யும் தொழிற்சாலை. அவர்களுடைய பழைய சாஃப்ட்வேர் இரண்டாயிரமாவது ஆண்டைத் தாண்டாது என்பதால், அதைப் புதிய சிஸ்டத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், ஷிப்பிங் எல்லாம் நன்றாகப் பேசத் தெரிந்தவர்களுக்குப் போயின. கழித்துப்போட்ட சாமான்களைக் கணக்கிலிருந்து எடுக்கும் பகுதியை, அதாவது மாட்யூலை, யாரும் கேட்கவில்லை. அது எனக்கு வந்தது. இதைச் சரியாக முடித்தால் ப்ராஜெக்டில் இருக்கலாம், இல்லாவிட்டால் பெஞ்ச் என்று ரவி நேராகவே சொல்லிவிட்டார். பெஞ்ச் என்றால் கெஸ்ட் ஹவுஸில் சும்மா உட்கார்ந்திருப்பது. அதற்கு அடுத்தது ஊருக்கு டிக்கெட்.

எல்லாம் வேஸ்ட்டுதானே

பழைய சிஸ்டத்தில் வேண்டாத பொருளுக்கு ஏழு வார்த்தைகள் இருந்தன: ஸ்கிராப், டிராஷ், வேஸ்ட், ரிஜெக்ட், சால்வேஜ், சர்ப்ளஸ், அப்சலீட். ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு, அதாவது கோடு. ரவி அதைப் பார்த்துச் சிரித்தார்.

“எதுக்கு இத்தனை? எல்லாம் வேஸ்ட்டுதானே. ஸ்கிராப் கோடுலயே ஒண்ணா மெர்ஜ் பண்ணிடு.”

சாப்பாட்டு நேரத்தில் டீம் முழுக்க இதே பேச்சு. கூட வேலை பார்த்த சுரேஷ், “எங்க வீட்ல பழைய பேப்பர்லேருந்து என் தம்பி வரைக்கும் எல்லாமே வேஸ்ட்டுதான்” என்றான். நானும் சிரித்தேன். நமக்கு ஒடிந்த பேனாவும் வேஸ்ட், ஓடாத படமும் வேஸ்ட்.

ஆனால் பழைய ப்ரோகிராமில் ஏழு வார்த்தைகளும் ஏழு வெவ்வேறு வழியில் பிரிந்து போயின. தேவையில்லாமல் ஒருவர் அவ்வளவு மெனக்கெட்டு எழுதியிருக்கமாட்டார். ரவியிடம் சொன்னேன். அந்தக் காலத்து ஆட்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்று தள்ளிவிட்டார்.

அகராதியைப் புரட்டினேன். டிராஷ் என்றால் வேஸ்ட் என்றது. வேஸ்ட் என்றால் ஸ்கிராப் என்றது. ஸ்கிராப் மறுபடி டிராஷில் கொண்டுவந்து விட்டது. தயங்காமல் தொழிற்சாலைக்குள் போய், மெட்டீரியல் சூப்பர்வைசர் டோனாவிடமே கேட்டேன். வேகமாக ஏதோ சொன்னார். மெதுவாகச் சொல்லச் சொன்னேன். “அத்தனையும் ஜங்க்தான் ஹனி” என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். ஆக, அமெரிக்கர்களுக்கும் வாய்ப்பேச்சில் ஒரே வார்த்தைதான்.

டாக்

அர்த்தம் கேட்க வீட்டில் ஆள் இல்லாமல் வளர்ந்தவள் நான். பாடத்தில் வால்வு என்று வந்தபோது சைக்கிள் கடைக்குப் போய்ப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். இதையும் அப்படியே பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். டோனாவிடம் அனுமதி வாங்கி, அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, லாரியில் சரக்கு ஏற்றும் லோடிங் டாக்கில் நின்றேன். சாமான்கள் எப்படி வெளியேறுகின்றன என்று மட்டும் பார்த்தேன்.

டிராஷ், ஊர்க் குப்பை லாரியில் போனது. வேஸ்ட் என்பது ரசாயனம். டிரம்மில் சீல் வைத்து, அதற்கென்று லைசன்ஸ் வாங்கிய வண்டியில்தான் ஏறியது. ஸ்கிராப் போர்டை முதலில் இயந்திரத்தில் நொறுக்கினார்கள், வேறு கம்பெனி எடுத்துப் பயன்படுத்தாமல் இருக்க. பிறகுதான் பழைய உலோகம் வாங்குபவரின் லாரி. ரிஜெக்ட், விற்றவருக்கே திரும்பிப் போனது. சால்வேஜ் வெளியே போகவே இல்லை. ரிப்பேர் பகுதிக்குப் போய் மறுபடி போர்டு ஆனது. சர்ப்ளஸ், அதாவது மிஞ்சியதும், அப்சலீட், அதாவது காலாவதியானதும், அந்த வாரம் டாக்குக்கு வரவே இல்லை.

எல்லாவற்றுக்கும் ஸ்கிராப் கோடு போட்டால் என்ன நடக்கும் என்று அப்போது தெரிந்தது. திருப்பி அனுப்பவேண்டிய சாமானும், ரிப்பேர் செய்யவேண்டிய போர்டும் சேர்ந்தே நொறுக்கும் இயந்திரத்துக்குப் போகும். ரவியிடம் மறுபடி சொன்னேன். டிசைன் முடிந்துவிட்டது, நாளை கிளையன்ட் முன்னால் ரிவ்யூ, குழப்பாதே என்றார்.

ரிவ்யூ

கிளையன்ட் பக்கத்து மேனேஜர் ஜிம். ரவி ஸ்லைடு ஸ்லைடாகக் காட்டிக்கொண்டே வந்தார். என் மாட்யூல் வந்ததும், ஏழு கோடுகளை எளிமையாக்கி ஒன்றாக்கிவிட்டோம் என்றார். ஜிம் தலையாட்டிவிட்டு அடுத்த ஸ்லைடைப் பார்த்தார். அந்த ஸ்லைடு அப்படியே போய்விட்டால் என் மாட்யூல் தப்பாகவே முடியும், கூடவே நான் பெஞ்சுக்கு. நான் கையைத் தூக்கினேன்.

“விச் டிரக், ஜிம்?”

எனக்குக் கிடைத்த இங்கிலீஷ் அவ்வளவுதான். ரவி என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தார். நான் எழுந்து போய் வெள்ளைப் பலகையில் டாக்கை வரைந்து, அன்றைய ரிஜெக்ட் பட்டியலில் இருந்த ஒரு சாமானைக் காட்டி, ஒரே கோடு போட்டால் திங்கட்கிழமை இது எந்த லாரியில் ஏறும் என்று கேட்டேன். ஜிம் டோனாவைக் கூப்பிட்டார். அரை மணி நேரம் அந்தப் படத்தின் முன்னால் நாங்கள் மூவரும் நின்றோம். சர்ப்ளஸும் அப்சலீட்டும் மிச்சச் சரக்கு வாங்கும் ஒரே புரோக்கருக்குத்தான் போகின்றன என்று டோனா சொல்ல, அந்த இரண்டை மட்டும் ஒன்றாக்கினோம். மற்றவை அப்படியே இருந்தன.

திரும்பும்போது காரில், சுங்கச் சாலையில் ஏறியதும் ரவி கேட்டார்.

“இதை முன்னாடியே அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல?”

“ரெண்டு தடவ சொன்னேன் ரவி. நீங்கதான் கேக்கல.”

கொஞ்ச தூரம் போன பிறகு, “சரி, அந்த மாட்யூலுக்கு இனிமே நீயே ப்ரசென்ட் பண்ணு” என்றார். பெஞ்ச் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

நான் கற்றது இதுதான். ஒரு வார்த்தை புரியவில்லை என்றால் அர்த்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அந்தப் பெயரை வைத்த பிறகு சாமான் எங்கே போகிறது என்று போய்ப் பாருங்கள். அதைப் பார்க்க இங்கிலீஷ் வேண்டாம். பார்த்ததைச் சொல்ல மட்டும் கொஞ்சம் வேண்டும். கையில் இருப்பதே போதும்.

அடுத்தது, வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் போர்டுகளுக்கான மாட்யூல். அந்தக் கிடங்கு ஹூஸ்டனில், கேட்டி என்ற ஊருக்குப் போகிற வழியில் இருக்கிறது. யாரை அனுப்பலாம் என்று ரவி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். நான் நேற்றுக் காலை கிடங்கு மேனேஜருக்குப் போன் செய்துவிட்டேன். ஓரிடத்தில் மெதுவாகச் சொல்லுங்கள் என்றேன், சொன்னார். வியாழக்கிழமை பத்து மணிக்கு அவருடைய டாக்கில் நிற்பேன்.