பூட்டுக்கு ஆன செலவு

ஒரு பூட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதில் எனக்கும் என் கணவருக்கும் ஒரு மாதத்துக்கு மேல் ஒத்துப்போகவில்லை. பூட்டு என்றால் கதவில் தொங்குவது இல்லை. பென் டிரைவ் மாதிரி ஒரு சின்னப் பொருள். கிரிப்டோ காசைக் கம்பெனிக்காரன் கையில் விடாமல் நம் கையிலேயே வைத்துக்கொள்வதற்கான கருவி. ஹார்டுவேர் வாலட் என்பார்கள். ஆறாயிரத்துக்கும் கிடைக்கிறது, முப்பதாயிரத்துக்கும் கிடைக்கிறது. அவர் ஆறாயிரத்தில் நின்றார். நான் பதினாறாயிரத்தில் நின்றேன்.

காசு என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உறவுக்காரர்கள் யாரிடம் சொன்னாலும் "அவரு போட்டு வெச்சிருக்காராம்" என்றுதான் போய்ச் சொல்கிறார்கள். நான் ஆவடி சேக்காட்டில் டியூஷன் எடுக்கிறவள். ஊரடங்கில் வகுப்பு ஃபோனுக்குள் போனபோது இட வாடகை மிச்சமாயிற்று. தெருவில் மற்றவர்கள் சீட்டு கட்டினார்கள், நான் மாதாமாதம் கொஞ்சம் பிட்காயின் வாங்கினேன். பெரிய துணிச்சல் எல்லாம் இல்லை. சீட்டு பிடிக்கிற அம்மாவோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது, அவ்வளவுதான்.

அது வளர்ந்து, எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு மாடி எடுக்கிற அளவுக்கு வந்திருந்தது. மாடி எனக்கு ஆடம்பரம் இல்லை. பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பது பக்கத்துத் தெருவில் வாடகைக்கு எடுத்த ஒரு கார் ஷெட்டில். அதன் சொந்தக்காரர் இப்போது கார் வாங்கிவிட்டார். அடுத்த பள்ளி ஆண்டுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். மாடி இல்லையென்றால் டியூஷன் இல்லை. பிளானுக்கு மனு கொடுத்துவிட்டு அனுமதிக்குக் காத்திருந்தோம். அதுவரை காயினை விற்கக் கூடாது என்று வைத்திருந்தேன். விற்றுக் கையில் வைத்தால் யார் வீட்டுக் கல்யாணமாவது வந்து அதைத் தின்றுவிடும்.

காயின் எல்லாம் ஒரு கம்பெனியின் ஆப்பில் இருந்தது. ஒரு நாள் அந்த ஆப் எதையும் வெளியே எடுக்க விடவில்லை. பராமரிப்பு வேலை என்று போட்டிருந்தார்கள். சில நாளில் அவர்களுக்குச் சரியாகிவிட்டது. எனக்குத்தான் சரியாகவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது இந்தப் பூட்டுப் பேச்சு.

என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவர். அளந்து பார்க்காமல் தோசையைக்கூட நம்ப மாட்டார். அந்தக் கருவியின் படத்தை ஃபோனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள ஒரு சிப்பு, மேல ஒரு பிளாஸ்டிக்கு. இதுக்கு பதினாறாயிரமா? பகல் கொள்ளையா கீதே!" என்றார்.

"பீரோ வாங்கும்போது மட்டும் நல்ல கம்பெனியா பாத்து வாங்கினீங்களே?" என்றேன்.

"அந்த பீரோ சாவி எங்க கீதுன்னு தெருவுக்கே தெரியும். மாதா படத்துக்குப் பின்னால. எவனாச்சும் வந்து எடுத்தானா?"

அந்தச் சாவியை அங்கே வைத்தவளே நான்தான்.

நடுவில் பூந்தமல்லியில் ஒரு செல்ஃபோன் கடையில் பழைய கருவி ஒன்று இரண்டாயிரத்துக்குக் கிடைக்கிறது என்று வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பன்னெண்டு வார்த்தை ஒண்ணு வெச்சிக்கணும்னு சொன்னியே, அத்தயும் கார்டுல எழுதியே குடுக்குறான்மா. நமக்கு வேலையே இல்ல."

இந்தக் கருவியின் விஷயமே அந்தப் பன்னிரண்டு சொற்கள்தான். புதுக் கருவியை முதலில் போட்டதும் அது தானே பன்னிரண்டு இங்கிலீஷ் சொற்களைக் காட்டும். எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கருவி தொலைந்தாலும் உடைந்தாலும் அந்தச் சொற்கள் இருந்தால் வேறு கருவியில் காசு வந்துவிடும். அதேபோல, அந்தச் சொற்கள் தெரிந்த எவனுக்கும் காசு போய்விடும். போலீஸ், பேங்க், மேனேஜர் என்று போய் அழுவதற்கு ஆள் கிடையாது. கடைக்காரனே சொல் எழுதிக் கொடுக்கிறான் என்றால், வீட்டை நமக்கு விற்றுவிட்டு இன்னொரு சாவியை அவன் இடுப்பில் செருகிக்கொள்கிறான் என்று அர்த்தம். இதை நான் விளக்கியபோது அவர் கேட்டுவிட்டு, "அதான் ரெண்டாயிரமா" என்றார்.

கடைசியில் இரண்டு பேரும் இறங்கி வந்து பத்தாயிரம் ரூபாய்க் கருவி ஒன்றை, அதைத் தயாரிக்கிற கம்பெனியிடமிருந்தே நேராக வரவழைத்தோம். ஒரு மத்தியானம் காயின் எல்லாம் ஆப்பிலிருந்து அதற்கு மாறியது. பன்னிரண்டு சொற்களையும் கூட வந்த அட்டையில் எழுதினேன். எழுதி முடித்ததும் அடுத்த கவலை வந்தது. எங்கள் தெரு மழைக்குத் தாங்காது. கட்டிலுக்குக் கீழே மீன் வந்த வருஷம் உண்டு. அட்டை எத்தனை நாளைக்கு?

அதற்கும் ஒன்று விற்கிறார்கள். எழுத்து அடித்து வைக்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். விலையைக் கேட்டதும் அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "எஸ்டேட்டுல இத்தினி வருசமா குப்ப கொட்டிகினு கீறேன், ஒரு துண்டு எஸ்.எஸ். தகட்டுக்கு நாலாயிரத்து ஐந்நூறு குடுப்பேனா? எவனாவது கேட்டா சிரிப்பான்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவருடைய நண்பர் ஒருவர் மண்ணூர்பேட்டையில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். இரும்பில் எழுத்து அடிக்கிற பஞ்ச் செட்டும் அங்கே உண்டு. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆள் இருக்காது. யார் கண்ணிலும் படக் கூடாது, நீங்களே அடிக்க வேண்டும், முடிந்ததும் அட்டையையும் தகட்டையும் கையோடு கொண்டுவர வேண்டும் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினேன். சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு, நண்பரிடம் சாவி வாங்கிப் போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது ராஜநடை. தகட்டைத் துணியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். எழுத்தெல்லாம் ஒரே ஆழம், ஒரே இடைவெளி. அச்சகத்தில் அடித்தது போல இருந்தது. நான் மனதாரப் பாராட்டினேன். பாராட்டிவிட்டு, டீச்சர் புத்தி, ஒரு கேள்வியும் கேட்டேன்.

"முதல் தடவையிலேயே எப்படி இவ்வளவு நேரா வந்தது?"

"முதல் தடவையா?" என்று சிரித்தார். "ஃபர்ஸ்ட் பீஸ் போடாம எவனாச்சும் நல்ல தகட்டுல கை வெப்பானா? ஒரு இரும்புப் பட்டையில பன்னெண்டையும் அடிச்சிப் பாத்துகினு, இடைவெளி கரெக்ட்டா வந்தப்புறம்தான் இத்த அடிச்சேன்."

"அந்தப் பட்டை எங்கே?"

அவர் காபியைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம்தான் அவர் முகம் மாறியது.

எஸ்டேட்டில் எந்த வேலையானாலும் முதலில் ஒரு துண்டு செய்து பார்த்து, அளந்து, சரி என்ற பிறகுதான் மற்றதைத் தொடுவார்கள். பார்த்த துண்டை அங்கேயே மேஜை ஓரமாக வைத்துவிட்டு வருவது வழக்கம். அவர் வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்தார், அன்றைக்கும் அதையே செய்தார். நண்பருக்கு ஃபோன் அடித்தார். அவர் எடுக்கவில்லை. நான் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு அவரே சொன்னார்.

மறுநாள் காலையில் இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். சி.டி.எச். ரோட்டில் வழக்கமான நெரிசல். பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தியதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். இரும்பு கேட்டில், தாழ்ப்பாள் விழுகிற இடத்தில், அந்தப் பட்டை வெல்டிங் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. எழுத்துள்ள பக்கம் தெருவைப் பார்த்து இருந்தது. மூன்றாவது சொல் எலுமிச்சை, ஏழாவது சொல் நதி. இங்கிலீஷில் கொட்டை கொட்டையாக என் மாடி முழுவதும் அங்கே நின்றது.

நண்பர் வெளியே வந்தார். "இன்னா மச்சான், காலங்காத்தால குடும்பத்தோட? வா தங்கச்சி. தாழ்ப்பா ரொம்ப நாளா ஒட்டாம கெடந்துது. நேத்து சாயங்காலம் பாத்தா மேஜ மேல சைஸா ஒரு பட்ட கெடக்கு. அடிச்சி உட்டேன். இன்னா எழுத்து மச்சான் அது?"

"பஞ்ச் செட்டு எப்டி கீதுன்னு சும்மா அடிச்சிப் பாத்தேன்" என்றார் இவர்.

எதிரே டீக்கடையில் இரண்டு இளைஞர்கள் ஒரே ஃபோனில் தலையை முட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சையும் சிவப்புமாகக் கோடுகள். எந்தக் காயின் ஏறுகிறது என்று பேச்சு. அது எனக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டது.

திரும்பும் வழியில், "ராத்திரிக்குள்ள வந்து கிரைண்டர் வெச்சித் தேச்சிடறேன்" என்றார்.

"பட்டையைத் தேய்க்கலாம். பார்த்தவன் கண்ணைத் தேய்க்க முடியுமா?" என்றேன். சொற்களை மாற்றுவது ஒன்றுதான் வழி. கையில் இருக்கிற கருவியையே அழித்துவிட்டுப் புதுச் சொற்கள் எடுக்கலாமாம், ஆனால் நடுவில் ஏதாவது தவறினால் மொத்தமும் போய்விடும் என்று எனக்குத் துணிச்சல் வரவில்லை, அதனால் இன்னொரு கருவி வேண்டும். பழைய கம்பெனி ஆப்பிலேயே திருப்பிப் போட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். எதற்குப் பயந்து அங்கிருந்து எடுத்தேனோ அங்கேயே போய் நிற்க மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவரே ஃபோனை எடுத்து ஆர்டர் போட்டார். அதே கருவி, அதே பத்தாயிரம்.

அது வந்து சேரும்வரை எனக்குப் பயமாக இருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பு நடுவில் காயின் இருக்கிறதா என்று ஃபோனைப் பார்ப்பேன். ஏழாம் வகுப்புக் கணக்கை ஒன்பதாம் வகுப்புக்குப் போட்டுவிட்டு, ஏன் இவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டார்கள் என்று ஆச்சரியப்பட்டேன். அவர் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த கேட் பக்கம் போய், அந்த எழுத்துமேல் ஒரு கை கிரீஸ் அப்பிவிட்டு வந்தார். நண்பர் ஒரு நாள் ஃபோன் செய்து, "எவனோ பொறம்போக்கு டெய்லி கேட்டுல கிரீஸ் தடவிட்டுப் போறான் மச்சான்" என்று குறைப்பட்டுக்கொண்டார். பெயின்ட் தின்னர் போட்டுத் துடைத்தாராம். எழுத்து இப்போது பளிச்சென்று தெரிகிறதாம். அதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

புதுக் கருவி ஒரு மத்தியானம் வந்தது. அவர் பாதி நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். பிள்ளைகள் வருவதற்கு நேரம் இருந்தது. புதுக் கருவி காட்டிய பன்னிரண்டு சொற்களை எழுத ஆரம்பித்தபோது அவர் எழுந்து வெளியே போய், முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டருகே நின்றார். நான் போகச் சொல்லவில்லை. சொந்த வீட்டில் ஓர் ஆள் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது.

எழுதி முடித்துக் கூப்பிட்டேன். பழையதிலிருந்து புதியதற்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஒரு எழுத்து தவறினாலும் போனது போனதுதான். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியும்.

"ஃபர்ஸ்ட் பீஸ்?" என்று நானே கேட்டேன்.

தலையை மட்டும் ஆட்டினார். கொஞ்சமே கொஞ்சம் முதலில் அனுப்பினோம். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு பேரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தது. பிறகு மொத்தத்தையும் அனுப்பினேன். அது வந்து சேர்ந்ததாகக் காட்டியபோது அவர் முகத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பாய் விரிக்க ஷெட்டுக்குப் போனார்.

கணக்கென்று பார்த்தால், நாலாயிரத்து ஐந்நூறை மிச்சம் பிடிக்கப் போய்ப் பத்தாயிரம் போயிற்று. இரண்டு கருவிக்கும் சேர்த்து இருபதாயிரம் ஆனதற்கு, நான் கேட்ட பதினாறாயிரத்துக் கருவியையே முதலில் வாங்கியிருக்கலாம். இதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கு எனக்கு ஒரு மெடல் தரலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் ஒரு புதுத் தகட்டையும் பஞ்ச் செட்டையும் வாங்கிவரச் சொன்னேன். "நீயே அடி. எனக்கு வாணாம். எனக்கு இன்னாத்துக்கு அது தெரிஞ்சிகினு?" என்றார். எனக்கு ஏதாவது ஆனால் மாடி யாருக்கும் கிடைக்காது, நீங்கள்தான் அடிக்க வேண்டும் என்றேன். பிறகு சமையலறைத் தரையில் சாக்கைப் போட்டு, அம்மிக்கல்லை அடியில் வைத்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். பழகிப் பார்க்க அவர் துண்டு எதுவும் கேட்கவில்லை. நேராக நல்ல தகட்டிலேயே முதல் எழுத்தை அடித்தார். நாலாவது சொல்லில் ஒரு எழுத்து சரிந்துவிட்டது. கடைசிச் சொல் ஓரத்தில் இடிபட்டு நிற்கிறது.

முடித்ததும் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு துண்டை அவர் கையால் விட்டிருக்க மாட்டார்.

"ரிஜெக்ட்" என்றார்.

நான் அதை அவர் கையிலிருந்து வாங்கிப் புடவைத் தலைப்பில் துடைத்தேன்.

"பாஸ்" என்றேன்.