ஆத்துக்கரையை பேங்க்னு படிச்சவளுக்கு மாதா சொன்ன பதில்

எல்லாருக்கும் தோத்திரம். முட்டி ரெண்டும் வலிக்குது, அதனால உட்கார்ந்துக்கிட்டே பேசுறேன், கோச்சுக்காதீங்க. சாமியார் எனக்குப் பத்து நிமிஷம் குடுத்திருக்கார். கூடக் கொறைய ஆனா அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்.

என் கஷ்டம் ஒரு புரட்டாசி மாசத்துல ஆரம்பிச்சுது. குடவாசல் பக்கத்துல எங்க ஊரு. கழக ஆட்சி வந்து, விவசாயக் கூலிக்குச் சட்டம் போட்டு, அந்தச் சட்டம் பேப்பர்லயே தங்கிப்போன காலம். சட்டப்படி கூலி குடுத்தாதான் நடவுக்கு இறங்குவோம்னு எங்க தெரு சொல்லிடுச்சு. பண்ணைக்காரர் வெளியூர் ஆளுங்களை லாரியில இறக்கினார். என் வீட்டுக்காரர் சவரிமுத்து வரப்புல நின்னு, “அம்மா, இறங்காதீங்க, எங்க வயித்துல அடிக்காதீங்க”ன்னு அந்தப் பொம்பளைங்களைக் கும்பிட்டார். அவ்வளவுதான் செஞ்சார். சாயங்காலம் போலீஸ் வந்து, அடிதடி கேஸுன்னு அழைச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. அடிதடியாம்! கோழியை அறுக்கக்கூட என்னைக் கூப்பிடுற மனுஷன் அவர்.

மூணாம் நாள் பண்ணைக் காரியக்காரர் வந்தார். செருப்பைக்கூடக் கழட்டாம வாசல்ல நின்னார். “மேரி, நீ இருக்கிறது பண்ணை மனை. அறுப்பு முடியறதுக்குள்ள வேற எடம் பாத்துக்க”ன்னார். எங்கே பார்க்கிறது? எங்க மாமனார் கட்டின மண் சுவரு அது. சுவரு எங்களோடது, அடியில இருக்கிற மண்ணு அவங்களோடது.

எனக்கு இருந்தது ஒரே ஒரு வழி. நான் கன்னியாஸ்திரிகள் ஹாஸ்டல்ல தங்கி பியூசி முடிச்சவ. வேலை கிடைக்கல, நடவுக்குத்தான் போனேன். பேங்க் கிளார்க் பரீட்சை ரெண்டு தடவை எழுதியிருந்தேன். ரெண்டு தடவையும் இங்கிலீஷ்ல போச்சு. மூணாவது தடவைக்குக் கார்டு வந்திருந்துச்சு, கார்த்திகை மாசம் திருச்சியில. வயசு வரம்பு அதோட முடியுது. அதுல தேறலைன்னா ஆயுசு பூரா பண்ணை மனையிலயும் பண்ணைச் சேத்துலயும்தான். அதுவும் அவங்க இருக்கவிட்டா.

ரெண்டாவது தடவை எப்படிப் போச்சுன்னு கேளுங்க. வெட்கத்தை விட்டுட்டுச் சொல்றேன்.

இங்கிலீஷ் தாள்ல ஒரு பத்தி குடுப்பாங்க. கதையா இருக்காது, எதையாவது விளக்கிச் சொல்ற பத்தி. நடுநடுவுல பத்து வார்த்தையை எடுத்துட்டுக் கோடு போட்டிருப்பாங்க. ஒவ்வொரு கோட்டுக்கும் அஞ்சு வார்த்தை குடுத்து, எது பொருந்தும்னு கேப்பாங்க. நான் பார்த்தேன். பேங்க்னு இருக்கு. டெபாசிட்னு இருக்கு. கரன்ட்னு இருக்கு, பிராஞ்சுன்னு இருக்கு. ஆகா, பேங்க் பரீட்சையில பேங்கைப் பத்தியே கேட்டிருக்கான், மாதாவே உனக்கு நன்றின்னு மளமளன்னு போட்டேன். லோடுன்னு இருந்ததை லோன்னு படிச்சிருக்கேன், பாருங்க. வட்டி, வியாபாரம், சேமிப்புன்னு கிடைச்ச எடத்துலயெல்லாம் சொருகிட்டு, எல்லாருக்கும் முன்னாடி பேனாவை மூடினேன்.

வெளியில வந்தா ரெண்டு பசங்க பேசிக்கிறாங்க. “டெல்டா பத்தி ரொம்ப ஈஸிடா.” “எந்த டெல்டா தம்பி?”ன்னு கேட்டேன். “அதாங்க்கா, கோடு போட்ட பத்தி. ஆறு வண்டலை அடிச்சுக்கிட்டு வந்து, வேகம் குறைஞ்சதும் கரையில படிய வைக்குது, கடல் பக்கம் போகப் போகக் கிளை கிளையாப் பிரியுதுன்னு வருமே”ன்னான்.

இங்கிலீஷ்ல ஆத்தங்கரைக்கும் பேங்க்னுதான் பேராம். ஆத்தோட இழுப்புக்குக் கரன்ட். வண்டல் படியறதுக்கு டெபாசிட். கிளை ஆத்துக்குப் பிராஞ்ச். அடப்பாவி! காவேரித் தண்ணியில பொறந்து வளர்ந்தவ, அந்த வண்டல்ல காலை வச்சே வயித்தைக் கழுவுறவ, என் ஊரைப் பத்தி என்கிட்டயே கேட்டிருக்கான், எனக்குத் தெரியலை. பஸ்ல பாலம் வர்றப்ப நான் ஆத்தைப் பார்க்கவே இல்ல, முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டேன்.

ஏன் அப்படி ஆச்சுன்னா, நான் நடவுக்காரி. எங்க செட்டுல நான்தான் வேகம். நடவுல பின்னாடியே நகர்ந்து போவோம். கை நிக்கக் கூடாது, சந்து விடக் கூடாது, நட்ட எடத்துல திரும்பக் கால் வைக்கக் கூடாது. சந்து விட்டவளைச் சாப்பாட்டு நேரத்துல மானத்தை வாங்கிடுவாங்க. பரீட்சையிலயும் என் கை அப்படியே போச்சு. கோட்டைக் கண்டா குத்து, அடுத்ததுக்கு நகரு. முதல் கோட்டைத் தப்பாப் போட்டதும் அதுக்குத் தோதா ரெண்டாவது, ரெண்டாவதுக்குத் தோதா மூணாவது. பத்தும் போச்சு.

இதெல்லாம் இப்போ தெரியுது. அப்போ எனக்கு மூளை இல்லைன்னுதான் நினைச்சேன்.

அந்த ஐப்பசியில நான் எப்படிக் கிடந்தேன்னு சொல்லவா? காலையில ஒரு குத்தகைக்காரர் வயல்ல கூலி. வாரத்துல ஒரு நாள் ஜெயிலுக்குப் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நிக்கணும். மிச்ச நேரம் பழைய பரீட்சைப் புஸ்தகம். எழுதி, அழிச்சு, எழுதி, அழிச்சு, அந்தத் தாளு ஓட்டையே விழுந்துடுச்சு. பத்துல மூணு சரியா வரும், நாலு வரும். அதுக்கு மேல வராது. உடம்பு வலியா, மனசு வலியான்னு பிரிச்சுச் சொல்லத் தெரியலை. ஜெபமாலை எடுத்தா ரெண்டாவது மணியிலயே கண்ணு சொருகிடும்.

ஒரு நாள் விடியக்காலை மாதா படத்துக்கு முன்னாடி உட்கார்ந்தேன். அருள்நிறைந்த மரியே சொல்லக்கூடத் தெம்பு இல்ல. சண்டைதான் போட்டேன். “ஆரோக்கிய மாதாவே, கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. நீ குடுக்கிறதா இருந்தாக் குடு. இல்லாட்டி, முடியாதுன்னு சொல்லிடு, நான் புஸ்தகத்தை அடுப்புல போட்டுட்டுத் தூங்குறேன்”னு சொன்னேன். சொல்லிட்டு நீராகாரத்தைக் குடிச்சுட்டு வயலுக்குப் போயிட்டேன்.

அன்னிக்கு நாத்துச் செத்த எடத்துல புது நாத்து வைக்கிற வேலை. நட்டு எட்டு, பத்து நாள் ஆனா அங்கங்க பயிர் செத்து வெறுமையாத் தெரியும். அதுக்குன்னு நட்ட அன்னிக்கே வயல் மூலையில கொஞ்சம் நாத்தை ஒதுக்கி வச்சிருப்போம். என்கூட காளியம்மா. என் வயசுதான், கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது, வாய் மட்டும் எட்டூருக்குக் கேட்கும். நான் தூக்கக் கலக்கத்துல கண்ட எடத்துலயெல்லாம் குத்திக்கிட்டே போனேன். கையில இருந்த நாத்துத் தீர்ந்ததும் பக்கத்து வயல் வரப்புல கிடந்த நாத்துக் கட்டு ஒண்ணை எடுத்துச் சொருக ஆரம்பிச்சேன்.

காளியம்மா கத்தினா பாருங்க. “அடியே மேரி, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? அங்க நாத்துச் சாகலைடி, தண்ணிக்குள்ள படுத்துக் கெடக்கு. பாத்ததும் குத்துறதுக்கு இது நடவா? வரப்புல ஏறி நின்னு மொத்த வயலையும் ஒரு தடவை பாத்துத் தொலை. அப்புறம் இறங்கு. அய்யய்யோ, இது என்ன நாத்து? வேற ரகத்தைக் கொண்டாந்து சொருகுற! அக்கம்பக்கம் என்ன நிக்குதுன்னு பாக்க மாட்டியா? இந்த வயலு நாத்து அந்த மூலையிலயே கெடக்குல்ல?”

நான் வரப்புல ஏறினேன். வயலைப் பார்த்தேன். அங்கங்க வெறுமையா, கோடு போட்ட பத்தி மாதிரியே இருந்துச்சு. அப்படியே உட்கார்ந்து ஓன்னு அழுதுட்டேன்.

காளியம்மா பயந்துட்டா. “திட்டினதுக்கா அழுவுற? புருஷன் ஜெயில்ல இருக்கிறவளைப் போய்த் திட்டிப்புட்டேனே. விடுடி, நீ குத்துன எடத்துலயே இருந்துட்டுப் போவுது”ன்னு என் முதுகைத் தடவுறா. அவளுக்கு நான் என்னன்னு சொல்லுவேன்? விடியக்காலை மாதாகிட்ட பதில் கேட்டேன். வெயில் ஏறுறதுக்குள்ள வந்துடுச்சு, அதுவும் வசவா வந்துச்சு. காளியம்மாவுக்கு மாதாவும் ஒண்ணு, மாரியம்மனும் ஒண்ணு. என் ஆண்டவருக்கு அது ஒரு தடையா இருக்கலை.

அன்னிக்கு மத்தியானமே புஸ்தகத்தை எடுத்தேன். பேனாவை எடுக்கலை. முதல்ல பத்தியை முழுக்கப் படிச்சேன், கோட்டையெல்லாம் தாண்டித் தாண்டி. எதைப் பத்திச் சொல்றான்? முதல் வரியில என்ன சொல்றான், கடைசி வரியில எங்க கொண்டு வந்து முடிக்கிறான்? அதைத் தமிழ்ல எனக்கு நானே ஒரு வாக்கியமாச் சொல்லிக்கிட்டேன். அப்புறம் குடுத்திருக்கிற அஞ்சு வார்த்தையையும் கையால மறைச்சுட்டு, இந்த எடத்துல என்ன வரணும்னு நானே யோசிச்சேன். தமிழ்ல வந்தாலும் சரி. அதுக்கப்புறம்தான் கையை எடுக்கிறது. கோட்டுக்கு முன்னாடி என்ன நிக்குது, பின்னாடி என்ன நிக்குது, அங்க வேண்டியது செய்யிற வார்த்தையா, பேர்ச்சொல்லா, சின்ன இணைப்பு வார்த்தையா? பட், ஆல்தோன்னு வந்தா பேச்சு திரும்புது. பிகாஸ்னு வந்தா காரணம் சொல்றான். தெரியாத கோட்டை விட்டுட்டுப் போயிடணும். எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. சந்து விட்டுட்டுப் போக என் கைக்கு மனசே வரலை. ஆனா விட்டுட்டுப் போனா, அந்த வார்த்தையே பத்தியில வேற எங்கயாவது வேற உருவத்துல கிடக்கும். எல்லாம் முடிஞ்சதும் முதல்லேர்ந்து ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கணும். இடறுற எடம் தப்பு.

பத்துல ஏழு வந்துச்சு. மறுநாள் ஆறு. அப்புறம் எட்டு. ஒரேயடியா அற்புதம்னு பொய் சொல்ல மாட்டேன். சில நாள் அஞ்சும் வந்துச்சு, வந்த அன்னிக்குப் புஸ்தகத்தைச் சுவத்துல அடிச்சேன்.

பரீட்சை அன்னிக்கு அடைமழை. எனக்குக் காய்ச்சல். ஈரப் புடவையோட பெஞ்சுல உட்கார்ந்தா பல்லு கிட்டுது. எழுந்து போயிடலாம்னு மெய்யாவே நினைச்சேன். “தாயே, இதுவரைக்கும் கொண்டாந்து உட்கார வச்சுட்ட, நிதானத்தையும் குடு”ன்னு மட்டும் கேட்டேன்.

பத்தி எதைப் பத்தின்னா, பனிக்கட்டி! நான் அதுவரைக்கும் ஐஸ்னு பார்த்தது சைக்கிள்ல விக்கிற குச்சி ஐஸ்தான். படிச்சேன். முழுக்கப் படிச்சேன். மத்த திரவமெல்லாம் குளிர்ந்தா சுருங்குமாம், கெட்டியாயிடுமாம். தண்ணி மட்டும் வேற மாதிரியாம், உறையறப்ப விரியுமாம். குளிர் தேசத்துல ஏரி மேலதான் உறையுமாம், அடியில மீனு உயிரோட இருக்குமாம். ‘தண்ணி மட்டும்’னு வர்ற எடத்துல முதல் கோடு. பழைய மேரியா இருந்தா, முதல்ல கிடக்குற ‘தேர்ஃபோர்’ங்கிறதைக் குத்திட்டுப் போயிருப்பா. பேச்சு திரும்புது, அதனால ‘ஹவெவர்’னு போட்டேன். மூணாவது கோடு, பனிக்கட்டி தண்ணி மேல என்ன செய்யுதுன்னு. அந்த அஞ்சு வார்த்தையில நாலு எனக்குத் தெரியாது. விட்டேன். கடைசி வரிக்கு வந்தா, ‘ஃப்ளோட்டிங்’னு கிடக்கு, மிதக்கிற பனிக்கட்டி மீனைக் காப்பாத்துதுன்னு. திரும்பிப் போய் ‘ஃப்ளோட்ஸ்’னு போட்டேன். போடுறப்ப கண்ணுல தண்ணி தாளு மேல சொட்டிடப் போகுதுன்னு தலையைப் பின்னாடி சாய்ச்சுக்கிட்டேன். மணி அடிக்கிற வரைக்கும் பேனாவை மூடலை.

அப்புறம் ஒரு வருஷம் இழுத்துச்சு. காரியக்காரர் ஆளோட வந்தப்பல்லாம் தெருப் பொம்பளைங்க வாசல்ல உட்கார்ந்து திருப்பி அனுப்பினாங்க. என் வீட்டுக்காரர் ஜாமீன்ல வந்தார், பாதி உடம்பா வந்தார். நான் தேறினேன், இன்டர்வியூ போனேன், மறுபடி காத்துக் கிடந்தேன்.

ஆர்டர் வந்த அன்னிக்கு நான் குதிக்கலை, கூத்தாடலை. தபாலைப் பிரிச்சு, தஞ்சாவூர் பிராஞ்சுல வந்து சேரணும்னு போட்டிருக்கிறதை அவருக்குத் தமிழ்ல சொன்னேன். சொல்லிட்டு, “கொஞ்சம் படுத்துக்கிறேங்க”ன்னேன். மத்தியானம் படுத்தவ, மறுநாள் கோயில் மணிக்குத்தான் எழுந்தேன். நடுவுல காரியக்காரர் வந்தாராம், கடைசித் தடவையாச் சொல்றேன்னு வாசல்ல நின்னு சத்தம் போட்டாராம். எந்தப் பெரிய மனுஷனையும் எதுத்து ஒரு வார்த்தை பேசியிராத என் வீட்டுக்காரர் எழுந்து, “மெதுவாப் பேசுங்க, அவ தூங்குறா. நாங்க மாசம் பொறந்ததும் போயிடுவோம்”னாராம். காரியக்காரர் குரலைத் தணிச்சுக்கிட்டாராம். காளியம்மாதான் பார்த்துட்டு வந்து சொன்னா.

வேளாங்கண்ணிக்கு ரெண்டு பேரும் நடந்தே போனோம். அவர் கேஸும் பின்னால தள்ளுபடி ஆச்சு. நான் அந்த வேலையில இருந்து ஓய்வு பெற்று, இன்னிக்கு உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கேன். அதுக்கப்புறம் எது கேட்டாலும், கேட்டுட்டு ஓடிப்போறதில்ல. காது குடுத்துக் காத்திருக்கேன்.

இங்க களைச்சுப்போய் வந்திருக்கிறவங்க சில பேரை எனக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியுது. ஜெபம் சொல்லத் தெம்பு இல்லையா, சொல்லாதீங்க. சண்டை போடணுமா, போடுங்க, மாதா அடிக்க மாட்டா. கொஞ்சம் முன்னாடி வந்து, இந்தப் பாயில என் பக்கத்துல உட்காருங்க. நான் உங்களுக்காகச் சொல்றேன்.